யூதாஸ் சொன்ன சரி

லூக்கா சுவிசேஷத்தின் 22ஆம் அதிகாரத்தில் ஒரு பேரம் நடக்கிறது. யூதாஸ் பிரதான ஆசாரியர்களிடம் போய்ப் பேசுகிறான். அவர்கள் சந்தோஷப்பட்டுப் பணம் தருவதாகச் சொல்கிறார்கள். ஆறாம் வசனம் ‘அதற்கு அவன் சம்மதித்து’ என்று தொடங்குகிறது. தமிழில் வாசிக்கும்போது இதில் நின்று யோசிக்க ஒன்றுமில்லை. கிரேக்க மூலத்தில் அந்தச் ‘சம்மதித்து’ இருக்கும் இடத்தில் எக்ஸொமொலொகெயோ என்ற வினைச்சொல் இருக்கிறது. மத்தேயு மூன்றாம் அதிகாரத்தில், யோர்தான் ஆற்றில் ஜனங்கள் தங்கள் பாவங்களை அறிக்கையிட்டு ஞானஸ்நானம் பெறுகிறார்களே, அங்கேயும் இதே சொல். பதினோராம் அதிகாரத்தில் இயேசு ‘பிதாவே, உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்’ என்கிறாரே, அங்கேயும் இதே சொல்தான்.

காட்டிக்கொடுக்க விலை பேசி முடிப்பது, பாவத்தைச் சொல்வது, கடவுளைப் புகழ்வது. மூன்றுக்கும் ஒரே வினை எப்படிப் போதுமானதாக இருந்தது?

நான் முறையாகக் கிரேக்கம் படித்தவன் இல்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன். அப்படிப் படிக்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு. வேகம் இல்லாததால் சின்னச் சொற்களில் எல்லாம் கால் தடுக்கும். இந்தச் சொல்லில் தடுக்கிய கால் பைபிளைத் தாண்டி ஏதென்ஸின் கடைத்தெரு, எகிப்தின் குப்பைமேடு என்று எங்கெங்கோ கொண்டுபோய் விட்டது.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். அடிப்படை வடிவம் ஹொமொலொகெயோ. எக்ஸ் என்பது முன்னொட்டு. ‘வெளியே’, ‘முழுக்க’ என்ற அழுத்தம் தரும். ஹொமொ என்றால் ‘அதே’. மீதிப் பகுதி ‘சொல்’ என்பதோடு உறவுடையது. ஆக, ‘அதையே சொல்லுதல்’. இந்தப் பிரிப்பைப் பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருக்கிறேன்: என் பாவத்தைப் பற்றிக் கடவுள் என்ன சொல்கிறாரோ, அதையே நானும் சொல்வதுதான் அறிக்கை என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சொல்லை உடைத்துப் பார்த்து அதன் பொருளைக் கண்டுபிடித்துவிட முடியாது. யார், எந்த இடத்தில், எதற்காக அதைப் புழங்கினார்கள் என்றுதான் பார்க்க வேண்டும். புழங்கியவர்களில் பெரும்பாலோர் பாவத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. கடன், விற்பனை, சரணடைதல், வாதம் இவைதான் அவர்கள் கவலை. ஹெரோடொட்டஸின் வரலாற்றில் முற்றுகையிடப்பட்ட ஊர்கள் ஹொமொலொகியாவுக்கு வருகின்றன. அதாவது நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டு பணிகின்றன.

ஏதென்ஸில் ஒரு சட்டம் இருந்தது. ஒருவர் இன்னொருவரிடம் எதையெல்லாம் ஹொமொலொகெயோ செய்கிறாரோ அதெல்லாம் செல்லும். சுருக்கமான சட்டம். அந்தச் சுருக்கத்தில் சிக்கிக்கொண்ட ஒருவருக்காக ஹைபெரைடீஸ் என்ற வழக்குரை எழுத்தாளர் கி.மு. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிக்கொடுத்த உரை ஒன்று பாப்பிரஸ் என்ற பழைய நாணல் தாளில் கிடைத்து, இப்போது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழைய கிரேக்க வழக்குரைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். காரணம், வழக்குப் போட்டவர் தன்னை ஏமாளி என்று காட்டிக்கொள்ளக் கொஞ்சமும் தயங்குவதில்லை.

கதை இதுதான். அதெனொகெனீஸ் என்று ஒரு வாசனைத் தைல வியாபாரி. அவனுடைய கடையை மிடாஸ் என்ற அடிமை நடத்துகிறான். மிடாஸுக்கு இரண்டு மகன்கள். அதில் ஒரு பையன் மீது நம் ஆளுக்கு மோகம். பணம் கொடுத்துப் பையனை விடுதலை செய்துவிடலாம் என்று போகிறார். அன்டிகொனா என்ற பெண் நடுவில் நின்று பேசுகிறாள். கடைசியில் அதெனொகெனீஸ் பெரிய மனது பண்ணுவதுபோல் ஒரு யோசனை சொல்கிறான்: விடுதலை எதற்கு, அப்பன் பிள்ளைகள் மூன்று பேரையும் விலைக்கே வாங்கிக்கொள்ளுங்கள், பையன் உங்கள் கையிலேயே இருப்பான். கடையில் சில்லறைக் கடன்கள் ஏதோ இருக்கின்றன, சரக்கை விற்றாலே அடைந்துவிடும். விலை 40 மினா. ஒப்பந்தம் ஏற்கெனவே எழுதித் தயாராக இருக்கிறது. அதை வாசித்தும் காட்டுகிறார்கள். இவருக்குக் காரியம் முடிந்தால் போதும் என்ற அவசரம். காதில் விழுந்தும் விழாமலும் முத்திரை வைத்துவிடுகிறார். அப்புறம் கடன்காரர்கள் ஒவ்வொருவராக வந்து நிற்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் ஐந்து தலந்து. ஒரு தலந்துக்கு 60 மினா. 40 மினாவுக்கு வாங்கிய பொருளோடு 300 மினா கடன் சேர்ந்து வந்திருக்கிறது.

நீதிமன்றத்தில் அதெனொகெனீஸ் என்ன சொல்லப் போகிறான் என்பது இவருக்குத் தெரியும். ஒருவர் ஒப்புக்கொண்டது செல்லும், சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்பான். அதற்கு ஹைபெரைடீஸ் எழுதிக்கொடுத்த பதில் ஒரே வரி: நியாயமானவை மட்டும்தான், ஐயா! பிறகு வேறு சட்டங்களை அடுக்குகிறார். சந்தையில் பொய் சொல்லக் கூடாது என்று சட்டம் உண்டு. அடிமையை விற்கும்போது அவன் உடம்பில் உள்ள நோயை முன்னாலேயே சொல்ல வேண்டும் என்று சட்டம் உண்டு. உடற்குறையையே மறைக்கக் கூடாது என்றால் கடனை மறைக்கலாமா?

இந்த வழக்கில் நான் கவனிப்பது ஒன்றைத்தான். இவர் எதையும் ஒளித்தவர் இல்லை. வெளியே சொல்ல இவருக்கு எதுவும் இல்லை. இன்னொருவன் எழுதி வைத்ததைக் கேட்டு ‘சரி’ என்றார். ஹொமொலொகெயோ என்றால் அவ்வளவுதான். சொல்லின் முதல் பாதி எப்போதும் எதிராளியுடையது.

பிளேட்டோவின் உரையாடல்களில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். சாக்ரடீஸ் ஒரு கேள்வி கேட்பார், ‘ஒத்துக்கொள்கிறாயா?’ என்பார், எதிராளி ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்பான். பத்து ‘ஒத்துக்கொள்கிறேன்’ சேர்ந்ததும், தான் முதலில் சொன்னதற்கு நேர் எதிரான இடத்தில் அவன் நின்றுகொண்டிருப்பான். ஒவ்வொரு படியிலும் அவன் வாயால் வந்த சரி இருக்கிறது. யாரைக் குறை சொல்வது? கிரிட்டோ உரையாடலில் இதே வலை சாக்ரடீஸ் மீதே விழுகிறது. கி.மு. 399, மரண தண்டனை விதிக்கப்பட்டுச் சிறையில் இருக்கிறார். தப்பித்துப் போகலாம் என்று நண்பர் வற்புறுத்துகிறார். ஏதென்ஸின் சட்டங்களே ஆளுருவில் வந்து பேசுவதாகச் சாக்ரடீஸ் கற்பனை செய்கிறார்: எழுபது வருஷம் இங்கேயே இருந்தாய், பிடிக்காவிட்டால் போயிருக்கலாம், படையோடு போனதைத் தவிர ஊரை விட்டு நகர்ந்ததே அபூர்வம், எங்களுக்குக் கட்டுப்பட்டு நடப்பேன் என்று நீ சொல்லால் ஒப்புக்கொள்ளவில்லை, செயலால் ஒப்புக்கொண்டுவிட்டாய். வாயே திறக்காமல் செய்த ஹொமொலொகியா! ‘சொல்’ என்ற வேரையே கழற்றிவிட்டு நிற்கும் இந்தப் பயன்பாட்டைப் பார்த்தபிறகு, பகுதி விகுதி பிரித்துப் பொருள் சொல்பவர்கள் மேல் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விட்டது.

ஸ்டோயிக் தத்துவத்தைத் தொடங்கிய ஸீனோ, வாழ்வின் குறிக்கோள் ‘ஒத்து வாழ்தல்’ என்றார். அதற்கு அவர் எடுத்ததும் இந்தச் சொல்லிலிருந்து பிறந்த வினையடைதான். எதோடு ஒத்து என்ற கேள்விக்கு ‘இயற்கையோடு’ என்று பின்வந்தவர்கள் சேர்த்தார்கள் என்று ஒரு பழைய குறிப்பு சொல்கிறது. தத்துவக்காரர்களை இத்தோடு விட்டுவிடலாம்.

எனக்கு விருப்பமான இடம் எகிப்து. அலெக்ஸாண்டருக்குப் பிறகு எகிப்தின் அலுவல் மொழி கிரேக்கம். ரோமர்கள் வந்த பின்பும் அப்படியே நீடித்தது. மழை அதிகம் இல்லாத மணல் பூமி என்பதால் ஆக்ஸிரிங்கஸ் போன்ற ஊர்களின் குப்பைமேடுகளில் பாப்பிரஸ் தாள்கள் மக்காமல் கிடந்தன. கிரென்ஃபெல், ஹண்ட் என்ற இரு ஆங்கிலேய அறிஞர்கள் 1896இன் இறுதியில் அங்கே தோண்ட ஆரம்பித்தார்கள். கிடைத்தவற்றில் இலக்கியம் கொஞ்சம். பெரும்பகுதி கணக்கு, கடிதம், மனு, பத்திரம். அந்தப் பத்திரங்களில் திரும்பத் திரும்ப வரும் தொடக்கம் ‘ஹொமொலொகோ’, அதாவது ‘ஒப்புக்கொள்கிறேன்’. இன்ன வீட்டை உனக்கு விற்றுவிட்டதாக ஒப்புக்கொள்கிறேன். உன்னிடமிருந்து இத்தனை திரக்மா கடன் பெற்றிருப்பதாக ஒப்புக்கொள்கிறேன். கழுதை விற்றவன், நிலத்தைக் குத்தகைக்கு விட்டவன், மகளுக்குச் சீதனம் கொடுத்தவன் எல்லோரும் இந்த வினையோடுதான் வருகிறார்கள். ஆளை அடையாளம் காட்ட வயதும் தழும்பும் எழுதுவார்கள்: சுமார் நாற்பது வயது, இடது காலில் தழும்பு. எழுதத் தெரியாதவர்களுக்காக இன்னொருவர் கையெழுத்திட்டு, ‘இவருக்கு எழுத்துத் தெரியாததால் நான் எழுதினேன்’ என்று முடிப்பார்.

என் அப்பா பத்திர எழுத்தர். ‘எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரம் என்னவென்றால்’ என்ற வரியைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இந்தப் பாப்பிரஸ்கள் அந்நியமாகவே தெரியவில்லை. ஆனால் எனக்குப் பொறி தட்டியது வேறு ஒரு வாக்கியத்தில். கி.பி. 212இல் கரகல்லா பேரரசன் தன் ஆட்சிக்குட்பட்ட சுதந்திரர்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ரோமக் குடியுரிமை கொடுத்தான். ரோமச் சட்டத்தில் ஒருவர் முறைப்படி கேள்வி கேட்க, மற்றவர் அதே சொல்லால் பதில் சொன்னால்தான் வாக்குறுதி கட்டுப்படுத்தும் என்றொரு பழைய வழக்கம் உண்டு. எகிப்தியக் கிராமத்து எழுத்தர்கள் அதை ஒரே வரியாக மடக்கிப் பத்திரங்களின் கடைசியில் ஒட்ட ஆரம்பித்தார்கள்: ‘கேட்கப்பட்டு, ஒப்புக்கொண்டேன்.’ மூன்றாம் நூற்றாண்டிலிருந்து இந்த வரி இல்லாத ஒப்பந்தத்தைத் தேடத்தான் வேண்டும். எதிரில் ஆளே இல்லாமல் எழுதும் உயில்களில்கூட இதை ஒட்டி வைத்தார்கள். யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. எழுத்தருக்குப் பழக்கம்.

நம் ஊர் சார்பதிவாளர் அலுவலகத்திலும் இதேதான். பத்திரத்தை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோனால் மட்டும் போதாது. அதிகாரி கேட்க வேண்டும்: ‘இதை எழுதிக்கொடுத்தது நீங்கதானா? பணம் வாங்கிட்டீங்களா?’ ஆமாம் என்றதும் பின்பக்கத்தில் ‘எழுதிக்கொடுத்ததாக ஒப்புக்கொண்டவர்’ என்ற குறிப்புக்குப் பக்கத்தில் கையெழுத்தும் பெருவிரல் ரேகையும் விழும். அங்கே ‘ஒப்புக்கொண்டவர்’ குற்றவாளி இல்லை. அவர் மறைத்து வைத்த ரகசியமும் இல்லை. தன் முன்னால் வைக்கப்பட்ட ஒரு கூற்றுக்கு, இன்னொருவர் சாட்சியாக இருக்க, ஆமாம் என்றவர். ஒப்பந்தம், ஒப்புதல், ஒப்புக்கொள்ளுதல், காவல்துறை வாங்கும் ஒப்புதல் வாக்குமூலம் என்று தமிழில் ‘ஒப்பு’ எங்கெல்லாம் போகிறதோ, கிட்டத்தட்ட அங்கெல்லாம் கிரேக்கச் சொல்லும் போகிறது. ஆங்கிலம் வழியாக வருகிறவர்களுக்கு இதை விளக்கப் பாடுபட வேண்டும். தமிழ்க் காதுக்குப் பாதி விளக்கம் மிச்சம்.

இந்த இடத்தில் ஓர் ஆசை வந்தது. எகிப்தில் எழுதப்பட்டு இப்போது வியன்னாவில் இருக்கும் இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்று நம் முசிறித் துறைமுகத்தோடு நடந்த வணிகத்துக்கான கடனைப் பேசுகிறது. ‘முசிறிக் கடன் ஒப்பந்தம்’ என்றே அதில் வருகிறது. நம் வினை அங்கே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தேடினேன். ஒப்பந்தத்துக்கு அங்கே இருக்கும் சொல் வேறு. ‘சேர்ந்து எழுதியது’ என்று பொருள்படும் சுங்கிராஃபே. சரி, ஆசைப்பட்ட இடத்திலெல்லாம் கிடைத்துவிடாது.

இனி எபிரேயம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டு முதல் எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தார்கள். செப்துவஜிந்த் எனப்படும் அந்த மொழிபெயர்ப்பில்தான் நம் சொல்லுக்குப் புகழ்ச்சி என்ற பொருள் வந்து ஒட்டுகிறது. எபிரேயத்தில் ஹோதா என்று ஒரு வினை உண்டு. நன்றி சொல்வது, புகழ்வது, ஒருவர் செய்ததை ஏற்றுச் சொல்வது எல்லாம் அதில் அடங்கும். இன்றும் இஸ்ரேலில் நன்றிக்குச் சொல்லும் ‘தோதா’ அதே வேர். மொழிபெயர்த்தவர்கள் இதற்கு எக்ஸொமொலொகெயோவைத் தேர்ந்தெடுத்தார்கள். ‘கர்த்தரைத் துதியுங்கள், அவர் நல்லவர்’ என்று 136ஆம் சங்கீதம் தொடங்குகிறதே, அதைக் கிரேக்கத்தில் படிக்கிற பழைய ஏதென்ஸ்காரனுக்கு ‘கடவுளிடம் ஒத்துக்கொள்ளுங்கள், அவர் நல்லவர்’ என்பதுபோல் கேட்டிருக்கும். எதை ஒத்துக்கொள்வது என்று தலையைச் சொறிந்திருப்பான். ஆனால் கொஞ்சம் யோசித்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. கடவுள் முதலில் ஒன்று செய்துவிட்டார். மனிதன் ‘ஆமாம், நீர்தான் செய்தீர்’ என்கிறான்.

பாவத்தைச் சொல்ல வேண்டிய இடங்களில் இந்த மொழிபெயர்ப்பாளர்கள் என்ன செய்தார்கள் என்பது இன்னும் சுவாரசியம். லேவியராகமத்தில் ஆரோன் வெள்ளாட்டுக்கடாவின் தலையில் கைவைத்து ஜனங்களின் அக்கிரமங்களை அறிக்கையிடும் இடத்தில் அவர்கள் எடுத்தது எக்ஸகொரெயுவோ என்ற வேறு சொல். வெளிப்படையாகச் சொல்வது என்று பொருள். ‘என் அக்கிரமத்தை மறைக்கவில்லை’ என்று தாவீது பாடும் 32ஆம் சங்கீதத்திலும் அந்தச் சொல்தான். மறைத்ததை வெளியே சொல்ல அவர்களிடம் தனியாக ஒரு சொல் இருந்தது. நம் சொல் அங்கே தேவைப்படவில்லை. தானியேல் 9ஆம் அதிகாரம் போன்ற சில இடங்களில் மட்டும் எல்லை தாண்டுகிறது.

ஆதியாகமம் 29இல் லேயாள் நான்காவது மகனைப் பெற்று, ‘இப்பொழுது கர்த்தரைத் துதிப்பேன்’ என்று சொல்லி அவனுக்கு யூதா என்று பேரிடுகிறாள். எபிரேயத்தில் அது சொல் விளையாட்டு. யூதா என்ற பெயரை அவள் ஹோதாவோடு சேர்க்கிறாள். கிரேக்கத்தில் அந்தத் ‘துதிப்பேன்’ எக்ஸொமொலொகெயோவின் எதிர்கால வடிவம். யூதா என்ற பெயரின் கிரேக்க உருவம் யூதாஸ். இப்போது லூக்கா 22:6க்குத் திரும்பிப் போனால், தன் பெயருக்கு லேயாள் அன்று சொன்ன காரணமாகிய வினையையே செய்து யூதாஸ் விலைக்கு உடன்படுகிறான். லூக்கா இதைத் தெரிந்து செய்தாரா என்று நிரூபிக்க வழியில்லை. பழைய எகிப்தியப் பத்திர வழக்கில் பேரம் முடிக்க இயல்பான சொல்லைத்தான் அவர் எடுத்திருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனாலும் படிக்கும்போது முதுகு சில்லிடாமல் இல்லை.

புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல்லின் எதிர்ச்சொல்லைத் தேடிப் பாருங்கள். நான் சொல்ல வந்ததே இதுதான். ‘அறிக்கையிடுதல்’ என்று தமிழில் கேட்டால் அதற்கு எதிராக நமக்குத் தோன்றுவது ‘மறைத்தல்’. அறி என்ற வேர் அப்படித் தள்ளுகிறது. அறியாததை அறியச் செய்வது அறிக்கை. கிரேக்கத்தில் எதிரே நிற்பது மறைத்தல் இல்லை, மறுத்தல். யோவான் ஸ்நானனிடம் எருசலேமிலிருந்து ஆட்கள் வந்து ‘நீர் யார்?’ என்று கேட்கிறார்கள். ‘அவன் மறுதலியாமல் அறிக்கையிட்டான்’ என்கிறது யோவான் 1:20. அறிக்கையிட்டது என்ன? ‘நான் கிறிஸ்து அல்ல.’ இதில் ரகசியம் எங்கே இருக்கிறது? மத்தேயு 10இல் மனுஷர் முன்பாக என்னை அறிக்கைபண்ணுகிறவன், மறுதலிக்கிறவன் என்று இரண்டும் ஜோடியாகவே வரும். பாவத்தைப் பற்றிய இடத்திலும் அப்படித்தான். யோவானின் முதல் நிருபம் முதல் அதிகாரத்தில் ‘பாவங்களை அறிக்கையிட்டால்’ என்ற ஒன்பதாம் வசனத்துக்கு முன்னும் பின்னும் இருப்பவை ‘நமக்குப் பாவமில்லையென்போமானால்’, ‘நாம் பாவஞ்செய்யவில்லையென்போமானால்’. ஒளித்து வைத்தவனைப் பற்றிய பேச்சே இல்லை. இல்லை என்று சாதிப்பவனைப் பற்றித்தான் பேச்சு.

விதிவிலக்கு உண்டு. அப்போஸ்தலர் நடபடிகள் 19இல் எபேசுவின் மந்திரவாதிகள் வந்து தங்கள் செய்கைகளை அறிக்கையிட்டு, ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு பெறுமான புத்தகங்களை எரிக்கிறார்கள். மந்திரம் ரகசியத் தொழில். அங்கே ‘மறைத்ததைச் சொல்வது’ என்ற சாயல் வரத்தான் செய்கிறது. ஆனால் அந்த நூலையும் எழுதிய லூக்கா அதற்கு நம் வினை போதாது என்பதுபோல் ‘அறிவித்தல்’ என்ற இன்னொரு வினையையும் பக்கத்தில் சேர்க்கிறார்.

யோவான் ஸ்நானன் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. ‘நான் அல்ல’ என்று ஹொமொலொகெயோ செய்தவரின் தலை போனது இன்னொரு ஹொமொலொகெயோவால். மத்தேயு 14:7இல் ஏரோது, நடனமாடிய பெண்ணிடம் எதைக் கேட்டாலும் தருவதாக ஆணையிட்டு வாக்குக் கொடுக்கிறான். அந்த ‘வாக்குக் கொடுத்தல்’ நம் சொல்தான். அவளும் கேட்டுவிட்டாள். பந்தியிலிருந்தவர்கள் எல்லோரும் சாட்சி. இல்லை என்று சொல்ல முடியாத இடத்தில் அவன் மாட்டிக்கொண்டான்.

அடுத்த நூற்றாண்டில் இந்தச் சொல் அரசு விசாரணைக்குள் போகிறது. ஸ்மிர்னா நகரில் பொலிகார்ப் என்ற வயதான ஆயரைப் பிடித்து அரங்கத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ஆளுநர், சீசர் பேரில் ஆணையிட்டுவிட்டுப் போய்விடு என்கிறான். 86 ஆண்டுகள் கிறிஸ்துவுக்கு ஊழியம் செய்திருக்கிறேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லையே என்பது கிழவரின் பதில். உடனே கட்டியக்காரனை அரங்கத்தின் நடுவில் நிறுத்தி மூன்று முறை கூவச் சொல்கிறார்கள்: ‘பொலிகார்ப் தன்னைக் கிறிஸ்தவன் என்று ஒப்புக்கொண்டான்.’ அதே வினை. கட்டியக்காரன் வாயில் அது குற்ற ஒப்புதல். அந்த நிகழ்ச்சியை எழுதி வைத்த கிறிஸ்தவர்களுக்கு அதுவே விசுவாச அறிக்கை. ஒரே வாக்கியத்தை இரண்டு கூட்டமும் கேட்கிறது; இரண்டு கூட்டமும் சரியாகத்தான் புரிந்துகொள்கிறது.

கி.பி. 200ஐ ஒட்டிக் கார்த்தேஜில் எழுதிய கிறிஸ்தவரான தெர்த்துல்லியன் இந்த விசாரணைகளின் கோணலைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டார். மற்றக் குற்றவாளிகள் மறுக்கிறார்கள், ஒப்புக்கொள்ளும்வரை சித்திரவதை செய்கிறீர்கள். எங்கள் ஆட்கள் ஒப்புக்கொள்கிறார்கள், மறுக்கும்வரை சித்திரவதை செய்கிறீர்கள். இது என்ன நீதி? அவர் வழக்கறிஞர் மாதிரி வாதாடுகிறவர். இந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம்.

இப்படி ஒப்புக்கொண்டும் உயிர் தப்பியவர்களுக்கு ஹொமொலொகெட்டீஸ் என்று ஒரு பட்டமே உருவானது. கி.பி. 177இல் லியோனில் சிறைப்பட்டிருந்தவர்கள், எங்களைத் தியாகிகள் என்று சொல்லாதீர்கள், நாங்கள் எளிய ஒப்புக்கொண்டவர்கள்தான் என்றார்களாம். பின்னாளில் அந்தப் பட்டத்தைப் பெற்றவர்களில் பெரியவர் மாக்சிமஸ் என்ற துறவி. கிறிஸ்துவுக்கு ஒரே சித்தமா, இரண்டு சித்தங்களா என்ற சர்ச்சை. அதைப் பற்றி இனி யாரும் பேசவே கூடாது என்று 648இல் பேரரசன் இரண்டாம் கொன்ஸ்தான்ஸ் ஆணை போட்டான். கவனியுங்கள், மறுக்கச் சொல்லவில்லை. சும்மா இருக்கச் சொன்னான். மாக்சிமஸுக்கு அந்தச் சும்மா இருப்பதே மறுதலிப்பாகப் பட்டது. சாக்ரடீஸின் சட்டங்கள் மௌனத்தை ஒப்புதலாக எடுத்துக்கொண்டன. இவர் மௌனத்தை மறுப்பாக எடுத்துக்கொண்டார். 662இல் எண்பது வயதை ஒட்டிய அவருடைய நாக்கையும் வலது கையையும் வெட்டி, கருங்கடலின் கிழக்கே இருந்த லாஸிக்காவுக்கு நாடுகடத்தினார்கள். பேசவும் எழுதவும் முடியாமல் அதே வருஷம் ஆகஸ்டில் இறந்தார். கிரேக்கத் திருச்சபையில் அவர் பெயரே ‘ஒப்புக்கொண்ட மாக்சிமஸ்’.

அப்படியானால் இந்தச் சொல் எப்போது மார்பில் அடித்துக்கொள்ளும் சொல்லாக மாறியது? லத்தீனில் இதன் இடத்துக்கு வந்தது கொன்ஃபித்தேயோர். ஐந்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அந்த மாற்றம் முடிந்தே போயிருந்தது என்பதற்கு அகஸ்தின் என்ற ஆயரே சாட்சி. ஒரு பிரசங்கத்தில் அவர் சொல்கிறார்: ‘பிதாவே, உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்’ என்ற வசனத்தை வாசிப்பவர் வாசித்ததும், கொன்ஃபித்தேயோர் என்ற சொல் காதில் விழுந்த உடனே நீங்கள் எல்லோரும் மார்பில் அடித்துக்கொண்டீர்களே, பாவமே இல்லாத இயேசு சொல்லும் சொல் அது, பாவி மட்டும் அறிக்கையிடுவதில்லை, புகழ்பவனும் அறிக்கையிடுகிறான். ஆயர் விளக்கத் தொடங்குவதற்குள் கைகள் பழக்கத்தில் எழுந்துவிட்டன. அகஸ்தின் தன் சுயசரிதைக்கு வைத்த தலைப்பும் அதே லத்தீன் சொல்லின் பன்மை. நூலின் முதல் வாக்கியம் புகழ்ச்சி: ஆண்டவரே, நீர் பெரியவர். இளவயதில் பேரிக்காய் திருடியதை ஒப்புக்கொள்வதெல்லாம் பிறகுதான் வரும்.

தமிழ் இந்தக் கதையில் உண்மையிலேயே ஓர் இடம் பிடிக்கிறது. அச்சேறிய மிகப் பழைய தமிழ் நூல்களில் ஒன்று பாவ அறிக்கைக்கான கையேடு. முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த அன்றீக்கே அன்றீக்கஸ் என்ற போர்த்துக்கீசிய இயேசு சபைக்காரர் அதைக் கொச்சியில் 1580இல் அச்சிட்டார். கத்தோலிக்கர்களிடம் பிறகு நிலைத்த சொல் பாவசங்கீர்த்தனம். சங்கீர்த்தனம் என்றால் புகழ்ந்து பாடுவது, நாமம் சொல்லிப் பாடுவது. அதை யார் பாவத்தோடு கோத்தார்களோ, கிரேக்கச் சங்கீதங்களில் நடந்தது தமிழிலும் நடந்துவிட்டது. இன்று ஆலயங்களில் ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என்கிறார்கள். கருத்துச் சுத்தமான சொல்தான். எனக்கு என்னவோ பழையதே பிடிக்கிறது. பாட்டிமார் அதைச் சுருக்கி ‘சங்கீர்த்தனம் பண்ணிட்டு வாறேன்’ என்று சொல்லும்போது பாடப் போகிறார்களா அழப் போகிறார்களா என்று தெரியாது.

புராட்டஸ்டண்ட் தமிழ் பைபிள் இடத்துக்கு இடம் சொல்லை மாற்றுகிறது: சம்மதித்து, வாக்குக் கொடுத்து, அறிக்கையிட்டு, துதித்து. மத்தேயு 7:23இல் ‘நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை’ என்று கடைசி நாளில் ‘சொல்லுவேன்’ என்பார் இயேசு. அந்தச் சாதாரணச் ‘சொல்லுவேன்’கூட நம் வினைதான். மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு இடத்திலும் அவர்கள் எடுத்தது சரியான சொல். ஆனால் ஒரே ஆள் நான்கு சட்டை மாற்றிக்கொண்டு வந்து போனதைக் கவனிக்க முடியாது.

இன்றைய கிரேக்கத்தில் இந்தச் சொல் நன்றாகவே இருக்கிறது, எழுத்து மாறாமல், ஹகர ஒலி மட்டும் உதிர்ந்து. ஒமொலொகோ என்றால் ஒப்புக்கொள்கிறேன். எக்ஸொமொலோகிசி என்றால் பாதிரியாரிடம் செய்யும் பாவ அறிக்கை. ஸீனோவின் வினையடை இப்போது ‘ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்’ என்ற அளவில், செய்தித்தாள் வாக்கியங்களின் தொடக்கத்தில் காலம் தள்ளுகிறது. ஒரு நாட்டு அமைச்சர் இன்னொரு நாட்டில் தன் பதவிக்கு நிகரான அமைச்சரைச் சந்தித்தால் அவரை ஒமோலொகொஸ் என்பார்கள். ஒமோலொகொ என்று கடைசி ஒற்றை விட்டுவிட்டால் அது கடன் பத்திரம். எகிப்தியக் கடன் ஒப்பந்தங்களுக்கு நேர் வாரிசு.

2012இல் கிரேக்க அரசு திவாலின் விளிம்பில் நின்றபோது அந்த நாட்டின் தலைப்புச் செய்திகளில் எல்லாம் இந்தச் சொல்தான். தனியார் கையில் இருந்த பத்திரங்களின் முகமதிப்பில் 53.5 சதவீதத்தைத் தள்ளுபடி செய்யத் திட்டம். அதற்குப் பத்திரக்காரர்கள் சம்மதிக்க வேண்டும். எல்லோரும் சம்மதிப்பார்கள் என்று யாரும் நம்பவில்லை. பிப்ரவரியில் கிரேக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. உள்நாட்டுச் சட்டத்தின்கீழ் ஏற்கெனவே வெளியிடப்பட்டிருந்த பத்திரங்களுக்குள் முன்தேதியிட்டு ஒரு நிபந்தனையைப் புகுத்தினார்கள்: போதுமான பெரும்பான்மை ஒப்புக்கொண்டால் மீதிப்பேரையும் அது கட்டுப்படுத்தும். மார்ச் மாதம் பெரும்பான்மை கிடைத்தது. முடியாது என்றவர்களும், பதிலே அனுப்பாதவர்களும், ஒப்புக்கொண்டவர்களோடு சேர்த்து எண்ணப்பட்டார்கள்.